அறுபதுக்கு மேல் மரக் கடைசல்: ஏற்காட்டுக் கட்டையும் சேலத்து வெயிலும்

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, 62 வயதில் அஸ்தம்பட்டியில் வசிக்கிறீர்கள், ஏற்காட்டில் உங்கள் அண்ணனுக்குச் சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது, அங்கே வெட்டிக் கிடக்கும் சில்வர் ஓக் கட்டைகளையும் பிடுங்கிப் போட்ட காப்பிச் செடிகளின் தண்டுகளையும் பார்த்தபோது, இவற்றைக் கடைந்து கிண்ணம், குங்குமச் சிமிழ், மத்து என்று செய்யலாமே என்று தோன்றியிருக்கிறது, அதற்கு எந்த லேத் (கட்டையைச் சுழற்றும் கடைசல் இயந்திரம்) வாங்குவது, அந்தக் கட்டைகள் உதவுமா, செய்ததை விற்க முடியுமா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "இந்த வயதில் கை பழகுமா, இல்லை பணத்தைப் போட்டுவிட்டு மூலையில் நிறுத்திவிடுவேனா" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் வார்ப்பாலைகளுக்கு மர மாதிரிகள் கடைந்து கொடுக்கும் தொழிலில் தொடங்கி, பிறகு தொழிற்பயிற்சி நிலையத்தில் மரவேலைப் பயிற்றுநராக இருந்தவன். ஓய்வுக்குப் பின் சேலத்தில் என்னிடம் கடைசல் கற்க வருகிறவர்களில் பெரும்பாலோர் உங்கள் வயதினர். அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். உடல்நலம் பற்றிச் சொல்வதை மட்டும் உங்கள் மருத்துவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

கை பழகும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடைசலில் மரத்தைச் சுழற்றும் பலத்தை மோட்டார் கொடுத்துவிடுகிறது. உளியை எங்கே வைப்பது, எந்தக் கோணத்தில் சாய்ப்பது, எப்போது எடுப்பது என்பதுதான் மனிதருடைய வேலை. இதற்குத் தோள்வலு வேண்டியதில்லை, பதற்றமில்லாத கவனம் வேண்டும். பதினெட்டு வயதுப் பயிற்சி மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தபோது அவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது "அழுத்தாதே" என்பதைத்தான். வயதில் மூத்தவர்களிடம் அதை அவ்வளவு தடவை சொல்ல வேண்டியிருப்பதில்லை. அவர்களுக்கு வரும் சிக்கல் வேறு: முதல் மாதத்திலேயே பெரிய கிண்ணம் ஒன்றைக் கடைந்து காட்ட வேண்டும் என்ற ஆசையும், அது வெடித்துப் போனால் வயதின்மேல் பழி போடுவதும். வெடித்ததற்குக் காரணம் பெரும்பாலும் கட்டையின் ஈரம்; உளி கொத்திக்கொண்டதற்குக் காரணம் பெரும்பாலும் மழுங்கிய வாய், அதாவது உளியின் வெட்டும் விளிம்பு. இந்த இரண்டையும் முதலிலேயே புரிந்துகொண்டவர்கள் எந்த வயதில் தொடங்கினாலும் நிலைத்து நிற்கிறார்கள். மூளைக்கு நல்லது, ஞாபக மறதி வராது என்று சிலர் சொல்வதை நம்பி மட்டும் தொடங்காதீர்கள். கடைசல் தரும் மகிழ்ச்சியே தொடங்குவதற்குப் போதுமான காரணம்.

உடம்பைப் பொறுத்தவரை நான்கு விஷயங்களை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். முதலாவது கண். உளிமுனை உங்கள் கண்ணிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி தூரத்தில் இருக்கும். படிக்கும் கண்ணாடியும் அங்கே பொருந்தாது, தூரப் பார்வைக் கண்ணாடியும் பொருந்தாது. அந்தத் தூரத்தை அளந்து சொல்லித் தனியாக ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டால் கழுத்து வலியில் பாதி வராமலே போய்விடும். இரண்டாவது, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால், சிறு வெட்டுக்கும் இரத்தம் நிற்க நேரமாகும் என்பதை மனத்தில் வைத்து மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மூன்றாவது மூச்சு. மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. அந்த ஆபத்து பல ஆண்டுகள் தூளிலேயே உழன்ற தொழிலாளர்களிடம் கண்டறியப்பட்டது என்றாலும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணற ஒரே நாளின் தூளும் போதும். உப்புத்தாள் போடும்போதுதான் நுண்தூள் பறக்கும். அப்போது என்-95 முகக்கவசம் கட்டாயம். நான்காவது உயரம். லேத்தின் மையம் உங்கள் முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். கடையில் விற்கும் தாங்கிகள் உயரமான ஆண்களுக்கு ஏற்றவையாகவே இருக்கும். குனிந்தோ எக்கியோ நின்றால் அரை மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும், அதைத்தான் பலர் வயது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எதைக் கடைந்து தொடங்குவது என்றால், கிண்ணத்தில் தொடங்காதீர்கள். மணிக்கட்டுப் பருமனில், முக்கால் அடி நீளத்தில், அண்மையில் வெட்டிய பச்சைக் கிளை ஒன்றை லேத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவில் பொருத்தி, அதை உருளையாக்கப் பழகுங்கள். பச்சைக் கட்டையில் தூள் பறக்காது, உளி எளிதில் இறங்கும், கட்டைக்குச் செலவும் இல்லை. இங்கே கற்க வேண்டிய ஒரே பாடம் இது: உளியின் வாயை நேராக மரத்தில் வைக்கக் கூடாது. முதலில் உளியை டூல் ரெஸ்டின் (உளியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின்) மேல் படிய வைத்து, உளியின் கீழ்ச்சரிவு (வாய்க்கு அடியில் உள்ள சாய்வான முகம்) சுழலும் மரத்தை வெறுமனே உரசும்படி நிறுத்துங்கள். மரம் வெட்டுப்படாது, மெல்லிய உரசல் ஓசை மட்டும் கேட்கும். பிறகு பின்கையால் பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். ஒரு கட்டத்தில் வாய் மரத்தைத் தொடும், உரசல் ஓசை சீறலாக மாறும், சுருள் சுருளாகச் சீவல் உங்கள் கையின் மேல் வந்து விழும். அந்த இடத்தில் பிடியை நிறுத்தி, உடம்பையே பக்கவாட்டில் நகர்த்தி உளியை ஓட்டுங்கள். கையை மட்டும் நீட்டினால் கோணம் மாறிவிடும். சரிவு உரசாமல் வாய் மட்டும் மரத்தில் பட்டால் உளி கொத்திக்கொள்ளும், கட்டை எகிறும். சரிவு உரசிக்கொண்டே இருக்கும்வரை வெட்டின் ஆழம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று பொருள். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் இதையே செய்து, குழிவும் மணியும் மாற்றி மாற்றி வரும்படி கட்டில் கால் போலக் கடைந்து பழகிவிட்டால், மத்தும் பம்பரமும் பூரிக்கட்டையும் தாமாகவே வந்துவிடும். கிண்ணத்துக்கு அதன் பிறகு போகலாம்.

உளியின் கூர்மைதான் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது. லேத் வாங்கக் காட்டும் ஆர்வத்தைச் சாணை பிடிக்கக் கற்பதில் காட்டாதவர்கள்தான் சில மாதங்களில் விட்டுவிடுகிறார்கள். லேத்துக்கு முன்பாகவே ஒரு பெஞ்ச் கிரைண்டரும், உளியை ஒரே கோணத்தில் பிடித்துக் கொடுக்கும் சட்டமும் வாங்குங்கள். குழிவான வாயுள்ள குழி உளிக்குச் சுமார் 45 பாகைச் சரிவு தொடக்கத்துக்கு நல்லது. சரிவு முழுவதும் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டு, கிரைண்டரை ஓட்டாமல் கல்லை மட்டும் கையால் சுற்றித் தொட்டுப் பாருங்கள். வாயின் பக்கம் மட்டும் மை போயிருந்தால் கோணம் அதிகம், அடியில் மட்டும் போயிருந்தால் குறைவு. மேலிருந்து கீழ்வரை சீராகப் போனால் சரி. பிறகு ஓட்டி, அழுத்தாமல் ஒரு சுற்றுத் தீட்டினாலே போதும். உளி ஹை ஸ்பீடு ஸ்டீலாக இருக்கட்டும். சாதாரணக் கார்பன் எஃகு சாணையில் நீலம் பாய்ந்தால் வலு போய்விடும். பழைய அரத்தை உளியாக மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அரம் நொறுங்கும் எஃகு. சுழலும் கட்டையில் கொத்திக்கொண்டால் முகத்தை நோக்கித் துண்டாகப் பறக்கும்.

இனி ஏற்காட்டுக் கட்டைகள். இந்தக் கேள்வியைப் பலரும் மரத்தின் பெயரை வைத்தே யோசிக்கிறார்கள்; உண்மையில் முதலில் யோசிக்க வேண்டியது மலைக்கும் நகரத்துக்கும் உள்ள ஈர வேறுபாடு. மரம் தான் இருக்கும் காற்றின் ஈரத்துக்கு ஏற்பத் தன் ஈரத்தைச் சரிசெய்துகொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக இருக்கும் இடத்தில் மரம் சுமார் 16 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும். 40 சதவீதமாக இருந்தால் எட்டுக்கும் கீழே இறங்கிவிடும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மழைக்காலப் பனிமூட்டத்தில் கிடந்த கட்டை, இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிச் சேலத்துக்கு இறங்கி வந்து சித்திரை வெயிலில் நிற்கும்போது இந்த முழு வித்தியாசத்தையும் அனுபவிக்கிறது. மரம் நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை. நடுவிலிருந்து பட்டை நோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்கும். ஆகவே 100 மில்லிமீட்டர் அகல மூடி ஒன்றை ஐப்பசியில் மலையில் கடைந்து, சித்திரையில் கீழே திறந்து பார்த்தால் ஒரு திசையில் இரண்டு மில்லிமீட்டரும் மறு திசையில் ஒன்றும் குறைந்து நீள்வட்டமாகியிருக்கும். பல மரங்களுக்குப் பொருந்தும் தோராயக் கணக்கு இது. மரத்துக்கு மரம் மாறும், ஆனால் திசை மாறாது. குங்குமச் சிமிழின் மூடி இறுகுவதும் கழல்வதும் இதனால்தான்.

இதற்கு வழி இருக்கிறது. கட்டையை வெட்டிய அன்றே இரு முனைகளிலும் உருக்கிய மெழுகைத் தடவிவிட வேண்டும், ஏனென்றால் முனை வழியாகத்தான் ஈரம் மிக வேகமாக வெளியேறி வெடிப்பு வருகிறது. நடு நெஞ்சு, அதாவது கட்டையின் மையப் பகுதி, கிண்ணத்துக்குள் வராதபடி கட்டையை நெடுக இரண்டாகப் பிளந்துகொள்ளுங்கள். பச்சையாக இருக்கும்போதே கிண்ணத்தை முரட்டு வடிவில் கடையுங்கள். சுவரின் தடிமன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது பத்து அங்குலக் கிண்ணத்துக்கு ஓர் அங்குலம் இருக்கட்டும். அதைத் தாள் பையில் சுற்றி, மின்விசிறியும் வெயிலும் படாத அறையில் வைத்து, வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் எடை போட்டு, அதன் மேலேயே பென்சிலால் எழுதி வாருங்கள். எடை குறைவது நின்று சில வாரங்கள் அப்படியே இருந்தால் காய்ந்துவிட்டது என்று பொருள். அதற்குள் அது கோணியிருக்கும். அந்தக் கோணலைக் கடைந்து எடுக்கத்தான் அவ்வளவு தடிமன் விட்டோம். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓர் ஆண்டு என்று சொல்வது கைக்கணக்கு. சேலத்தில் அதைவிட விரைவாகவே காயும், விரைவாகக் காய்வதுதான் இங்கே ஆபத்தும். ஆகவே நாள்காட்டியை விடத் தராசை நம்புங்கள். காயவைப்பதைச் சேலத்து வீட்டிலேயே செய்யுங்கள். பொருள் எங்கே வாழப்போகிறதோ அங்கேதான் காய வேண்டும்.

காப்பித் தண்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலைக்கு வந்த காப்பி இன்றும் பெரும்பாலும் அராபிகா வகைதான். அராபிகாவைத்தான் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு அதிகம் தாக்கும். தோட்டத்தில் செடியை வேரோடு பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள் என்றால் பெரும்பாலும் இந்த வண்டு காரணமாகத்தான் இருக்கும், அப்படிப் பிடுங்கியதை எரித்துவிடுவதுதான் முறை. புழு தண்டுக்குள் இருந்து, சித்திரை வைகாசியிலும் ஐப்பசி முதல் மார்கழி வரையிலும் வண்டாக வெளியே பறந்து அடுத்த செடிகளில் முட்டையிடும். கடைவதற்கு ஆகும் என்று சொல்லி உங்கள் அண்ணனின் தோட்டத்தில் கட்டைகளை அடுக்கி வைத்தால் அவருடைய நல்ல செடிகளுக்கே கேடு. தூளடைத்த வளைவான சுரங்கம் தெரியும் தண்டுகளை எரிக்க விட்டுவிடுங்கள். கவாத்தில் வந்த, சுத்தமான, வயதான செடிகளின் தண்டுகளை மட்டும் அன்றே பட்டையை உரித்துக் கீழே கொண்டுவாருங்கள். வெளிர் மஞ்சளாக, நெருக்கமான இழையோட்டத்தோடு, கல் போல் கடினமாக இருக்கும் அருமையான மரம் அது. பருமன் இல்லாததால் கிண்ணத்துக்கு ஆகாது; சிமிழ், கரண்டிப் பிடி, மத்துக் காம்பு, பேனா என்று சிறு வேலைகளுக்கு அதைவிடச் சிறந்ததை நான் இந்த வட்டாரத்தில் கடைந்ததில்லை.

சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து நிழலுக்காகக் கொண்டுவந்தது, மிளகுக் கொடி ஏறும் மரம். கிண்ணத்துக்கு வேண்டிய பருமன் அதில் கிடைக்கும். ஆரப்போக்கில், அதாவது நடுவிலிருந்து பட்டை நோக்கி, அறுத்தால் மினுமினுக்கும் பொட்டுகள் அழகாகத் தெரியும். ஆனால் இழை பிய்ந்துகொண்டு வரும் குணம் அதற்கு உண்டு, தொடக்கக்காரரின் பொறுமையைச் சோதிக்கும். சிலருக்கு அதன் தூளும் சாறும் தோலில் அரிப்பையும் தடிப்பையும் கொடுக்கும். முதலில் சிறு துண்டு ஒன்றைக் கடைந்து இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். மலையிலிருந்து எந்தக் கட்டையை இறக்குவதானாலும் வனத்துறையிடம் முன்பே கேட்டு, தேவைப்படும் அனுமதித் தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தன மரத்தையும் ஈட்டி மரத்தையும் யார் எவ்வளவு சிறிய துண்டாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

என் விருப்பத்தைக் கேட்டால், முதல் ஆண்டுக்கு மலை மரத்தை விடச் சமவெளி விறகே மேல். யாரும் மதிக்காத சீமைக் கருவேலம், காயும்போது மிகக் குறைவாகச் சுருங்கும் மரங்களில் ஒன்று. செம்பழுப்பு நிறச் சேகு (மரத்தின் உள் வைரம்) வெகு அழகாக மெருகேறும், விறகுக் கடையிலேயே கிடைக்கும், முள்ளுக்கு மட்டும் கவனமாக இருந்தால் போதும். பூவரசு அதைவிட உயர்ந்தது. அதே மரத்தில்தான் ஹவாய்த் தீவுக்காரர்கள் உணவுக் கிண்ணங்கள் செய்தார்கள், சாப்பாட்டில் வாடை ஏறாது என்பதால். மா எளிதில் கடைபடும், ஆனால் விரைவில் உளுத்துப் போகும். வாகைத் தூள் தும்மலைக் கிளப்பும். கர்நாடகத்தின் சன்னபட்டணத்தில் பொம்மைக்குப் பயன்படுத்தும் வெட்பாலை நம் பக்கத்துக் காடுகளிலும் உண்டு, வெண்மையும் மென்மையுமான மரம். அரளியைச் சமையலறைப் பொருளுக்குத் தொடவே கூடாது.

லேத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பத்து முதல் பன்னிரண்டு அங்குல விட்டம் சுழலக்கூடிய, வார்ப்பிரும்புப் படுக்கையும் அரை முதல் ஒரு குதிரைத்திறன் மோட்டாரும் உள்ள மேசை லேத் போதும். வேகம் நிமிடத்துக்கு 500 சுற்றுக்குக் கீழே இறங்க வேண்டும். ஹெட்ஸ்டாக்கில் (கட்டையைச் சுழற்றும் தலைப்பகுதியில்) உள்ள மரையும் மோர்ஸ் டேப்பரும் (துணைக்கருவி செருகும் கூம்புத் துளையும்) சந்தையில் கிடைக்கும், கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக்குகளுக்குப் பொருந்துமா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். பட்டறைகளில் செய்து தரும் மலிவான லேத்துகளில் மரை அவரவர் விருப்பப்படி இருக்கும், பின்னால் எதுவும் பொருந்தாது. மின்சாரம் போய்த் திரும்பும்போது தானாக ஓடத் தொடங்காத சுவிட்சு இருக்கட்டும். நம் ஊரில் இதை நான் உளிக்கு அடுத்தபடியாக வைப்பேன்.

பாதுகாப்பில் ஒரு சலுகையும் கிடையாது. சேலையோடு லேத் முன் நிற்கக் கூடாது. சுடிதாராக இருந்தாலும் துப்பட்டா இல்லாமல், அரைக்கை மேல்சட்டையோடு, முடியை இறுக முடிந்து, வளையலையும் சங்கிலியையும் கழற்றி வைத்துவிட்டு நிற்க வேண்டும். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லை என்றால் சட்டைக்குள் விட்டு மேலே முன்மடி கட்டிக்கொள்ளுங்கள். கையுறை போடவே கூடாது. துணி சிக்கினால் விரலோடு இழுக்கும். முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் வேண்டும், கண்ணாடி மட்டும் போதாது. ஓட்டுவதற்கு முன் கட்டையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி எங்கும் இடிக்கவில்லை என்று பாருங்கள். சுவிட்சைப் போடும்போது கட்டைக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். டூல் ரெஸ்டை நகர்த்துவதானால் மோட்டாரை நிறுத்திவிட்டு நகர்த்துங்கள். கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, சுற்று வேகத்தோடு பெருக்கினால் ஆறாயிரத்துக்கும் ஒன்பதாயிரத்துக்கும் நடுவில் வர வேண்டும் என்பது கடைசல்காரர்களின் கணக்கு. பத்து அங்குலக் கிண்ணத்துக்கு அது 600 முதல் 900 சுற்று. தொடக்கத்தில் இதற்கும் கீழேயே ஓட்டுங்கள். உருளைகளை முரட்டாகச் சீவப் பயன்படும் அகலமான குழி உளியைக் கிண்ணத்தில் பயன்படுத்தாதீர்கள். பிடிக்குள் செருகியிருக்கும் அதன் வால் மெல்லியது, முறிந்துவிடும்.

பூச்சுக்கு, சமையலறைப் பொருளானால் ஆளி விதை எண்ணெயும் தேன்மெழுகும் போதும். கடலை எண்ணெய் சிக்குப்பிடித்து நாறும். ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும், சீவல் குவிந்த அறையில் அது பெரும் விபத்து. தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்து உலர்த்திவிட்டுத்தான் எறிய வேண்டும். சிமிழுக்கு அரக்கு அழகு. ஓடும் பொருளின் மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசும் சூட்டிலேயே உருகிப் படியும். தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவது சன்னபட்டணத்து முறை.

கற்றுக்கொள்ள, கட்டில் கால் கடையும் பட்டறை ஒன்றில் அனுமதி கேட்டுச் சில நாள் உட்கார்ந்து அவர்கள் உடம்பு எப்படி நகர்கிறது என்று பாருங்கள். அவர்கள் முகக்கவசம் போடாததை மட்டும் பின்பற்ற வேண்டாம். உங்கள் மாவட்டத்திலேயே உள்ள தம்மம்பட்டியின் மரச் சிற்பம் புகழ்பெற்றது, ஆனால் அது செதுக்குக் கலை. மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவர்களிடம் கேட்டறிய நிறைய இருக்கிறது, லேத் வேலைக்கு அது பள்ளியாகாது.

விற்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விற்கலாம், ஏற்காட்டுக் காப்பி மரச் சிமிழ் என்றால் மலைக்கு வரும் பயணிகள் வாங்குவார்கள் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் உங்கள் வீட்டில் கழித்து, வெடிக்காமலும் மூடி இறுகாமலும் நின்ற பொருளை மட்டும் விலைக்குக் கொடுங்கள். எந்த மரம், எந்தப் பூச்சு, சாப்பாட்டுக்கு ஆகுமா ஆகாதா என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். விலையில் லேத்தின் செலவை ஏற்றாதீர்கள். கட்டை, பூச்சு, உங்கள் நேரம் மூன்றுக்கும் கணக்குப் போடுங்கள்.